பொள்ளாச்சி தொட்டிக்கட்டு வீட்டில் இரண்டு இரவு

ஆடிக்காத்துல அந்தப் பக்கம் எதுக்கு என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள், நாங்கள் போய்விட்டோம். ஆனைமலை போகிற சாலையிலிருந்து உள்ளே திரும்பி, தென்னந்தோப்புக்கு நடுவில் இருக்கிற பழைய பண்ணை வீடு. வானம் பார்த்த தொட்டி, சுற்றி ஆசாரம் என்கிற தாழ்வாரம், அதை ஒட்டி அறைகள் என்று அசல் கொங்கு நாட்டுத் தொட்டிக்கட்டு. இரண்டு பேருக்கு ஓர் இரவு 4,500 ரூபாய், காலைப் பலகாரம் சேர்த்து.

புதுப்பித்தவர்கள் சுண்ணாம்புச் சுவரை உரித்து சிமெண்ட் பூசாமல் விட்டதற்கே ஒரு கும்பிடு. மத்தியானம் இரண்டு மணிக்கும் ஃபேன் போடவில்லை (காற்று மாதத்தில் அது பெரிய சாதனை இல்லைதான்). மரத்தூண்களுக்கு மட்டும் கல்யாண மண்டப மேடை மாதிரி பளபளவென்று வார்னிஷ். நிலைப்படி குள்ளம், குனியாவிட்டால் நெற்றியில் இடிக்கும், எனக்கு இரண்டு முறை இடித்தது. சுடுதண்ணீர் ஒருவர் குளிக்கத்தான் வரும்.

அப்புறம் அந்த 1865. வீட்டைச் சுற்றிக் காட்டிய பையன் கழற்றி வைத்திருந்த ஓடு ஒன்றைத் திருப்பி, அதில் பதிந்திருந்த எண்ணைக் காட்டி, வீட்டுக்கு 160 வயசு என்றான். அறையில் வைத்திருக்கிற அட்டையிலும் அதுதான் இருக்கிறது. அது மங்களூர் பாசல் மிஷன் ஓட்டுக் கம்பெனி தன் ஆரம்ப வருஷம் என்று ஓடுகளில் பதித்த எண், வெகுகாலம் கழித்துச் சுட்ட ஓட்டிலும் அதேதான் இருக்கும். சமையலறையில் பெரியம்மாவிடம் கேட்டால் சிரிக்கிறார். "அதெல்லாம் இல்லீங் கண்ணு, எங்க மாமனாரோட அப்பா கட்டுனது. அப்ப ஏது தென்னை, சுத்தியும் கடலைக்காடு." 1962இல் ஆழியாறு அணை வந்து, வாய்க்காலில் தண்ணீர் வந்த பிறகுதான் தோப்பாம். அட்டையில் இதைப் போட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

சாப்பாட்டில் குறையே இல்லை. இரண்டாம் நாள் காலை சந்தகை, இடியாப்பம் மாதிரி பிழிகிற அரிசிச் சேவை. ஆவியில் வெந்த மாவைச் சூடு ஆறுவதற்குள் மூன்று கால் மெஷினில் போட்டு ஒருவர் காலைப் பிடித்துக்கொள்ள இன்னொருவர் பிடியைச் சுற்ற வேண்டும், அன்றைக்கு மெஷினைப் பிடித்தது நான். தோப்புத் தேங்காயில் எடுத்த பாலும் நாட்டுச் சர்க்கரையும் ஊற்றி மூன்று தடவை வாங்கினேன், அதற்கு மேல் கேட்கக் கூச்சமாக இருந்தது.

சந்தகை வேண்டுமென்றால் முந்தின நாளே சொல்லிவிடுங்கள், அரிசி ஊறப்போட வேண்டும்.