இரவல் பேயா, சொந்தப் பேயா? ஹாலோவீன் பேய் வீடுகளின் கணக்கு

அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் உள்ள யுனிவர்சல் ஸ்டுடியோஸ் பூங்கா, 2025 ஹாலோவீன் ஹாரர் நைட்ஸ் என்ற பயத் திருவிழாவுக்காகப் பத்துப் பேய் வீடுகளைக் கட்டியது. பேய் வீடு என்றால், வேடமிட்ட நடிகர்கள் மூலைக்கு மூலை பயமுறுத்த, பார்வையாளர்கள் உள்ளே நடந்து கடக்கும் அரங்கு. அதில் ஐந்து, பிறருடைய படம், தொடர், விளையாட்டு போன்றவற்றுக்கு உரிமம் வாங்கிக் கட்டியவை: ஃபைவ் நைட்ஸ் அட் ஃபிரெடிஸ், ஃபால்அவுட், டெரிஃபையர், ஜேசன் யுனிவர்ஸ், டபிள்யூ.டபிள்யூ.இ.யின் வயட் சிக்ஸ். மீதி ஐந்தும் பூங்காவின் சொந்தக் குழு உட்கார்ந்து யோசித்தவை. விளம்பரப் பலகையில் முன்வரிசை எப்போதும் முதல் ஐந்துக்குத்தான். ஆனால் ஆண்டுக்கணக்கில் இந்தத் திருவிழாவுக்குப் போய்வரும் ரசிகர்களிடம் "எந்த வீடு பிடித்தது?" என்று கேட்டால், பதிலில் இரண்டாவது ஐந்து அடிக்கடி வரும். எனக்கும் அப்படித்தான். உரிமத்துக்குக் கொடுக்கும் காசு கூட்டத்தைக் கொண்டுவருகிறது, பயத்தைக் கொண்டுவருவதில்லை என்பது என் கட்சி. எந்தப் படத்துக்கு உரிமம் வாங்கலாம், எதற்கு வாங்கக் கூடாது என்பதையும் இதை வைத்தே முடிவு செய்யலாம்.

இந்தத் திருவிழா 1991-ல் ஃப்ரைட் நைட்ஸ் என்ற பெயரில் மூன்றே இரவுகள் நடந்தது. இருந்தது ஒரே வீடு, டஞ்சன் ஆஃப் டெரர். பெரிய படப் பெயர் எதுவும் அதற்கு இல்லை. 2007-ல் நியூ லைன் என்ற பட நிறுவனத்திடமிருந்து ஃபிரெடி, ஜேசன், லெதர்ஃபேஸ் என்ற திரைப்படக் கொலையாளிகள் மூவரும் வந்து சேர்ந்தார்கள். 2012-ல் தி வாக்கிங் டெட் என்ற ஜாம்பித் தொடர் வந்தது. அதன் பிறகு பெரிய பெயர் இல்லாமல் ஒரு திருவிழாவும் நடந்ததில்லை.

உரிமம் வாங்கும் பூங்காவுக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது? முதலில், கதை சொல்ல வேண்டிய வேலை மிச்சம். பேய் வீட்டைக் கடக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. வரிசை நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்கும். முன்னால் போகிறவர் அலறுவதைப் பார்த்தே பின்னால் வருபவருக்கு எந்த மூலையில் ஆள் ஒளிந்திருக்கிறார் என்று தெரிந்துவிடும். அந்த அவசரத்தில் 'இவன் யார், ஏன் கத்தியோடு நிற்கிறான்' என்று விளக்க நேரமே கிடையாது. ஹாலோவீன் படக் கொலையாளி மைக்கேல் மயர்ஸ் வெள்ளை முகமூடியோடு நின்றால் அந்த விளக்கம் தேவையில்லை. டிக்கெட் விற்பனையும் அப்படித்தான்: ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் என்ற இரண்டு சொல்லை அறிவித்தால் போதும். 2018-ல் ஆர்லாண்டோ, ஹாலிவுட், சிங்கப்பூர் என்று மூன்று யுனிவர்சல் பூங்காக்களிலும் ஒரே சமயத்தில் அந்தத் தொடர் வீடாக வந்ததற்குக் காரணம் இதுதான்.

சரி, கொடுக்க வேண்டியது என்ன? உரிம ஒப்பந்தம் பொதுவாக முன்பணம், ராயல்டி, காலக்கெடு, ஒப்புதல் என்ற நான்கையும் சுற்றித்தான் இருக்கும். பணத்தைவிட ஒப்புதல்தான் பெரிய தலைவலி. அறை வரைபடம், உடை, ரத்தத்தின் அளவு, பாத்திரம் பேசும் வசனம், கடையில் விற்கும் பனியன் என்று எல்லாமே உரிமையாளரின் மேசைக்குப் போய்த் திரும்ப வேண்டும். காலக்கெடு முடிந்ததும் அத்தனை உழைப்பையும் பிரித்து மூட்டை கட்ட வேண்டியதுதான். வாடகை வீட்டுக்குக் கைக்காசு போட்டு மாடி கட்டுவது போன்றது அது.

இதில் 'உரிமையாளர்' என்பவர் ஒருவராக இருந்தால் அதுவே பெரிய அதிர்ஷ்டம். ஸ்க்ரீம் படத்தின் முகமூடிக் கொலையாளி கோஸ்ட்ஃபேஸை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த முகமூடி படத்துக்காகச் செய்யப்பட்டது இல்லை. ஃபன் வேர்ல்ட் என்ற ஹாலோவீன் உடை நிறுவனம் ஏற்கெனவே விற்றுக்கொண்டிருந்த சரக்கு. படக்குழு அதைப் பார்த்துப் பிடித்துப்போய் எடுத்துக்கொண்டது. ஆக, படத்தின் பெயர் ஒருவரிடம், அந்த முகம் இன்னொருவரிடம்.

ஜேசன் விவகாரம் இன்னும் சிக்கல். 1980-ல் வந்த ஃப்ரைடே தி தர்ட்டீன்த் படத்தில் கொலையாளி ஜேசன் இல்லை, அவனுடைய அம்மா. எல்லோருக்கும் தெரிந்த ஹாக்கி முகமூடி 1982-ல் மூன்றாம் பாகத்தில்தான் வந்தது. முதல் படத்தின் திரைக்கதையை எழுதிய விக்டர் மில்லர், அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் எழுத்தாளர்களுக்கு இருக்கும் மீட்பு உரிமையைப் பயன்படுத்தித் தன் கதையைத் திரும்பக் கேட்டார். வழக்கு நீண்டு, 2021-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. முதல் கதை ஒரு கையில், வளர்ந்த ஜேசனும் முகமூடியும் எந்தக் கையில் என்ற கேள்வி அந்தரத்தில். 2015-ல் ஆர்லாண்டோவில் ஃபிரெடியோடு மோதிய ஜேசன், 2025-ல் ஜேசன் யுனிவர்ஸ் என்ற புதுப் பெயரில் வீட்டோடு வந்ததை ரசிகர்கள் அவ்வளவு கொண்டாடியதற்கு இந்தப் பின்னணியும் ஒரு காரணம்.

எந்தப் படம் வீடாகும், எது ஆகாது என்பதில்தான் பூங்காக்கள் சறுக்குகின்றன என்று நினைக்கிறேன். முகமூடிக் கொலையாளிகள் எப்போதுமே தோதானவர்கள். நடிகரின் முகச்சாயல் தேவையில்லை. ஒரே வீட்டில் பத்து மூலையில் பத்து மைக்கேல் மயர்ஸை நிறுத்தினாலும் நம் கண்ணுக்கு ஒரே ஆள் துரத்துவதாகத்தான் தெரியும். ஷிஃப்ட் மாற்றுவதும் சுலபம். படத்தில் அவன் செய்வதும் மறைவில் நின்று திடீரென்று வருவதுதான். பேய் வீட்டிலும் அதே வேலை. தி எக்ஸார்சிஸ்ட் அப்படி இல்லை. 2016-ல் அதை வீடாகக் கட்டினார்கள். படத்தின் உயிரே ஒரு படுக்கையறை, அதில் கட்டிப்போட்ட ஒரு சிறுமி, மெல்ல மெல்ல ஏறும் பதற்றம். நடந்துகொண்டே இருக்கும் வரிசைக்கு மெல்ல ஏறும் பதற்றத்தை எப்படிக் கொடுப்பது? அதே படுக்கையை அறைக்கு அறை திரும்பத் திரும்பக் காட்ட வேண்டிவருகிறது. 2024-ல் வந்த எ கொயட் ப்ளேஸும் இதே ரகச் சிக்கல்தான். சத்தம் போட்டால் சாவு என்பது கதை. பேய் வீட்டுக்கு வருகிற கூட்டம் கத்துவதற்கென்றே காசு கொடுத்து வருகிறது.

விதிவிலக்கும் இருக்கிறது. 2013-ல் வந்த ஆன் அமெரிக்கன் வேர்வுல்ஃப் இன் லண்டன் வீட்டில், ஓநாயை உடை மாட்டிய நடிகராகக் காட்டாமல், பெரிய பொம்மலாட்ட உருவங்களாகச் செய்தார்கள். மறைவில் நின்றவர்கள் உடம்பின் பலத்தோடு அதை உந்த, உங்கள் தோள் உயரத்துக்கு ஓர் ஓநாய்த் தலை பாய்ந்து வந்து நிற்கும். அந்த ஒரு முடிவுக்காகவே அந்த வீடு 2015-ல் திரும்பவும் வந்தது. படத்தின் பெயரைவிட அதைச் செய்த கைகளுக்குத்தான் அங்கே மரியாதை.

சொந்தக் கற்பனை வீடுகளுக்கு வருவோம். இவற்றின் பலவீனம் வெளிப்படையானது: பெயரைக் கேட்டால் ஒன்றும் புரியாது. அதனால் வாசலிலேயே கதையைச் சொல்லிவிட வேண்டும். 2018-ன் ஸ்லாட்டர் சினிமா இதை அழகாகச் செய்தது. வாசலில் பழைய கால டிரைவ்-இன் திரையரங்கு. உள்ளே ஒவ்வோர் அறையும் ஒரு கற்பனையான மட்டரகப் பேய்ப்படம். எந்தப் படமும் உண்மையில் இல்லை, ஆனால் எல்லாமே எங்கோ பார்த்தது போல இருக்கும். 2024-ல் இரண்டாம் பாகமே வந்துவிட்டது. அதே 2018-ல் வந்த டெட் எக்ஸ்போஷர்: பேஷண்ட் ஸீரோ இன்னொரு வகை. கும்மிருட்டு. கண்ணைக் கூசும் வெள்ளை வெளிச்சம் ஒரு கணம் அடித்து அணையும். அந்தக் கணத்தில் நாலு ஜாம்பிகள். மறுபடி இருட்டு. அடுத்த வெளிச்சத்தில் அவை ஒரு எட்டு கிட்டே. எந்தத் திரைப்படத்தின் காட்சியையும் அப்படியே காட்டியாக வேண்டிய கட்டாயம் இருந்திருந்தால் இந்த வீட்டைக் கட்டியிருக்கவே முடியாது. காட்ட வேண்டியதைக் காட்டாமல் இருப்பதுதான் அதன் மொத்த வித்தையும்.

சொந்தச் சரக்கு சொத்தாகவும் சேரும். 2000-ல் திருவிழாவின் முகமாக யுனிவர்சல் உருவாக்கிய கோமாளி ஜாக், கால் நூற்றாண்டாகத் திரும்பத் திரும்ப வருகிறான். அவனுக்காக யாருக்கும் ராயல்டி கட்ட வேண்டியதில்லை. தி வாக்கிங் டெட் 2012 தொடங்கி ஐந்து வருடம் தொடர்ந்து ஆர்லாண்டோவில் இருந்தது. 2013-ல் பூங்காவின் தெருக்களைக்கூட முழுக்க அதற்கே கொடுத்துவிட்டார்கள், எங்கே திரும்பினாலும் அதே ஜாம்பிகள். ரசிகர்கள் சலித்துக்கொண்டது நியாயமே. இன்று அதில் பூங்காவிடம் என்ன மிச்சம்?

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை: யாருக்கும் சொந்தமில்லாத கதைகள். மேரி ஷெல்லியின் 1818 நாவல் பொதுச்சொத்து, ஆகவே ஃபிராங்கன்ஸ்டைனை எந்தப் பூங்காவும் வீடாகக் கட்டலாம். ஆனால் தட்டையான தலையும் கழுத்தில் போல்ட்டும் கொண்ட உருவம், 1931 படத்துக்காக ஜாக் பியர்ஸ் செய்த ஒப்பனை, அது யுனிவர்சலுடையது. அமெரிக்கச் சட்டப்படி அந்தப் படத்தின் 95 ஆண்டு பதிப்புரிமை 2026 முடிவில் தீர்கிறது. வணிக முத்திரை உரிமை வேறு கணக்கு என்பதால், அதற்காக உடனே பெயின்ட் டப்பாவைத் திறந்துவிட முடியாது. நைட் ஆஃப் தி லிவிங் டெட் என்ற ஜாம்பிப் படத்தின் கதை இன்னும் சுவையானது. 1968-ல் வெளியிடும்போது படத்தின் தலைப்பை மாற்றினார்கள். பழைய தலைப்போடு இருந்த பதிப்புரிமைக் குறிப்பும் சேர்ந்து காணாமல் போக, அன்றைய சட்டப்படி படம் அப்போதே பொதுச்சொத்தாகிவிட்டது. கையில் காசில்லாத சிறு பூங்காவுக்கு இதைவிட நல்ல பெயர் கிடைக்காது.

நாட்டார் பேய்களும் இதே கணக்கில்தான் வருகின்றன. சிங்கப்பூர் யுனிவர்சலில் 2011-ல் திருவிழா தொடங்கியதிலிருந்து எனக்கு மதிப்பு கூடிய வீடுகள் இந்த வகைதான். 2016-ல் உணவங்காடியையே கொலைக்களமாக்கிய ஹாக்கர் சென்டர் மாசக்கர், 2018-ல் மலாய்ப் பெண் பேயான பொன்தியானாக். அந்த ஊரில் வளர்ந்தவருக்குப் பொன்தியானாக் யார் என்று ஒரு நெட்ஃப்ளிக்ஸ் தொடரும் சொல்லித்தர வேண்டாம், பாட்டியே சொல்லியிருப்பார். படப்பெயர் தரும் அதே அறிமுகம், உரிமக் கட்டணம் இல்லாமல்.

பெரிய ஸ்டுடியோ பின்னால் இல்லாத பூங்காக்களில் இரண்டை ஒப்பிட்டுப் பார்க்கலாம். இங்கிலாந்தின் தோர்ப் பார்க், சா (Saw) என்ற திகில் படத்தின் பெயரில் 2009-ல் ரோலர் கோஸ்டரே கட்டியது, அடுத்த வருடம் பேய் வீடும் கட்டியது. 2013-ல் லயன்ஸ்கேட் நிறுவனத்தின் படங்களாகவே திருவிழாவை நிரப்பியது. பின்னால் பிளாட்ஃபார்ம் 15 போன்ற சொந்தக் கற்பனைகளுக்கு வந்தது. கலிஃபோர்னியாவின் நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் 1973-லிருந்தே பெரும்பாலும் சொந்தக் காலில் நிற்கிறது. அங்கே புகைமூட்டத் தெருவில், முழங்காலில் உலோகக் கவசம் கட்டிய நடிகர்கள் தீப்பொறி பறக்கத் தரையில் சறுக்கி வந்து உங்கள் காலடியில் நிற்பார்கள். அந்த வித்தை அங்கிருந்துதான் மற்ற பூங்காக்களுக்கும் பரவியது. எந்தப் படத்திலும் இல்லாத ஒன்று, அந்தப் பூங்காவின் அடையாளமாகவே ஆகிவிட்டது. நடுத்தரப் பூங்கா ஒன்று என்னிடம் யோசனை கேட்டால் நாட்ஸ் வழியைத்தான் காட்டுவேன். உரிமம் வாங்கியே ஆக வேண்டுமென்றால் ஒரே ஒன்று, அதுவும் முகமூடிக்காரனாகப் பார்த்து.

யுனிவர்சல் அளவு பணம் உள்ளவர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு தேவையில்லை. ஆனாலும் அவர்கள் 2025 ஆகஸ்டில் லாஸ் வேகஸில் வருடம் முழுக்கத் திறந்திருக்கும் ஹாரர் அன்லீஷ்ட் வளாகத்துக்கு எந்த நான்கு வீடுகளைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று பாருங்கள். ஒன்று, அவர்களுடைய பழைய கறுப்பு-வெள்ளை அரக்கர்கள். ஒன்று, யுனிவர்சலே வெளியிட்ட எக்ஸார்சிஸ்ட்: பிலீவர். ஒன்று, டெக்ஸஸ் செயின்சா மாசக்கர், அதாவது முகமூடி போட்ட லெதர்ஃபேஸ். நான்காவது, 2017-ல் ஆர்லாண்டோவில் சொந்தக் குழு எழுதிய ஸ்கேர்குரோ: தி ரீப்பிங்.