பேக்டிசீல் ஷண்ட் குழாய்: ஒரு தியேட்டர் நர்ஸின் மதிப்பீடு

பாக்கெட்டைப் பிரித்ததும் கண்ணில் படுவது நிறம்தான். சாதாரண சிலிகான் குழாய் வெளுப்பாக இருக்கும், பேக்டிசீல் ஆரஞ்சாக இருக்கும். சாயம் போட்டதில்லை, உள்ளே ஊறியிருக்கும் ரிஃபாம்பிசின் என்ற ஆன்டிபயாட்டிக் மருந்தின் நிறம் அது. கூடவே கிளிண்டாமைசின் என்ற இன்னோர் ஆன்டிபயாட்டிக்கும் இருக்கிறது. நான் இங்கிலாந்தில் மூளை அறுவை தியேட்டரில் நர்ஸ். தலையில் நீர் கோத்துக்கொண்டவர்களுக்கு அந்த நீரை வயிற்றுக்கு வடிக்க வைக்கும் ஷண்ட் எங்களுக்கு அன்றாட வேலை.

ஷண்டில் கிருமி புகுந்தால் என்ன பாடு என்பதை அருகிலிருந்து பார்த்தவர்களுக்குத்தான் இந்தக் குழாயின் அருமை தெரியும். வைத்ததை முழுக்க எடுக்க வேண்டும். நீரை வெளியே ஒரு பைக்கு வடிய விட்டு, ரத்தக் குழாய் வழியாக மருந்து ஏற்றி, கிருமி போனபின் மறுபடி ஓர் அறுவை. பச்சிளங்குழந்தை என்றால் பெற்றோர் முகத்தைப் பார்க்க முடியாது. இத்தனைக்கும் காரணம் பெரும்பாலும் நம் தோலிலேயே சாதுவாகக் குடியிருக்கும் ஸ்டெஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ். சிலிகானில் ஒட்டியதும் வழுவழுப்பான படலம் கட்டி அதற்குள் ஒளிந்துகொள்ளும். அப்புறம் ரத்தத்தில் ஏற்றும் மருந்து அதை எட்டுவது கடினம்.

நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரோஜர் பேஸ்டன் பிடித்தது இந்த இடத்தைத்தான். மருந்தை மேலே பூசினால் சீக்கிரம் கழுவிப் போகும். அவர் முறையில், மருந்து கலந்த குளோரோஃபார்மில் சிலிகான் உப்பிக்கொள்ளும், மருந்து உள்ளே இறங்கும். குளோரோஃபார்ம் ஆவியானதும் குழாய் பழைய அளவுக்கு வரும், மருந்து உள்ளேயே தங்கி வாரக்கணக்கில் மேற்பரப்புக்குக் கசிந்துகொண்டிருக்கும். ஒரு மருந்துக்கு அடங்காத கிருமியை மற்றது கொல்லட்டும் என்றுதான் இரண்டு. இதைக் குழாயாக்கிச் சந்தைக்குக் கொண்டுவந்தது கோட்மன் நிறுவனம், 2017 முதல் அது இன்டெக்ராவின் கையில்.

ஆய்வகமும் கம்பெனியும் கை கோத்தது என்பதற்காக மட்டும் நான் நம்பிவிட மாட்டேன். ‘கிருமி எதிர்ப்பு’ என்று அச்சடித்த பெட்டிகள் தியேட்டரில் நிறைய வந்து போகும். நான் நம்புவது பேசிக்ஸ் ஆய்வுக்குப் பிறகு. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் அரசு நிதியில், 1605 பேரிடம், சாதாரணக் குழாய், ஆன்டிபயாட்டிக் குழாய், வெள்ளி கலந்த குழாய் மூன்றையும் குலுக்கல் முறையில் வைத்துப் பார்த்தார்கள். 2019-ல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது. தொற்று சாதாரணத்தில் 6 சதவீதம், ஆன்டிபயாட்டிக்கில் 2 சதவீதம். வெள்ளியிலும் அதே 6! வெள்ளி என்றாலே கிருமி சாகும் என்று எத்தனை விளம்பரம் பார்த்திருப்போம். உடம்புக்குள் வைத்துப் பார்த்தால்தான் தெரிகிறது.

குறையும் சொல்ல வேண்டும். அடைப்பை இது தடுக்காது. மேற்சொன்ன ஆய்வில் மொத்தமாக நான்கில் ஒருவருக்கு ஏதோ ஒரு காரணத்தால் மறு அறுவை தேவைப்பட்டது, குழாய் மாறியதால் அந்தக் கணக்கு குறையவில்லை. ஈ.கோலை மாதிரி ‘கிராம் நெகட்டிவ்’ என்ற வகைக் கிருமிகளுக்கும் இது சரியான ஆயுதம் இல்லை. விலையும் சாதாரணத்தைவிட அதிகம். ஆனால் ஒரு தொற்றுக்கு ஆகும் செலவையும் வேதனையையும் பார்த்தால் அந்த வித்தியாசம் எனக்குப் பெரிதாகப் படவில்லை.

மருந்து இருக்கிறதே என்று தியேட்டரில் அலட்சியமாக இருக்கவும் கூடாது. சிலிகான் துணித் தூசியை இழுத்துக்கொள்ளும். அதனால் கடைசி நிமிடத்தில்தான் பிரிப்பேன், பச்சைத் துணி மேல் வைக்க விடமாட்டேன்.

ஷண்ட் வைக்கப்போகிறவர்களின் வீட்டார் யாராவது படித்தால், எந்தக் குழாய் என்று அறுவைக்கு முன்பே டாக்டரிடம் கேளுங்கள். ரிஃபாம்பிசினோ கிளிண்டாமைசினோ முன்பு எப்போதாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் அதை மறக்காமல் சொல்லிவிடுங்கள். அவர்களுக்கு இந்தக் குழாய் ஆகாது.