சீமிங் அயர்ன்: 6 அங்குலமா, 3 அங்குலமா?

சீமிங் அயர்ன் என்பது இரு கார்பெட் துண்டுகளைச் சூட்டால் ஒட்டி இணைக்கும் கருவி. சென்னை ஓஎம்ஆர் ஆபீஸ்களில் ரோல் கார்பெட் போடுபவர்களுக்கு 6 அங்குல அகல அயர்னே சரி. ஹாட் மெல்ட் டேப் (ஜாயின்டின் அடியில் வைக்கும், சூட்டில் உருகும் பசை நாடா) அகலம் முழுக்க ஒரே சீராக உருகும். 3 அங்குலம் கதவு நிலை, மூலைகளுக்குப் போதும். வாங்குமுன் வோல்டேஜைப் பாருங்கள். அமெரிக்க மாடல் 120 வோல்ட். நம் 230-இல் நேராகச் செருகினால் அன்றோடு காயில் போச்சு. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் விலையையும் சேர்த்தால் 'சல்லிசு' என்ற பேச்சே இருக்காது.

டயல் எண்ணை நம்பாதீர்கள். சைட்டின் தற்காலிக லைனில் வோல்டேஜ் இறங்கினால் சூடு ஏறத் தாமதமாகும். அதிகச் சூட்டில் பாலிபுரொப்பிலீன் அடிப்புறம் சுருங்கி ஜாயின்ட் மேடு தட்டும். குறைந்தால் பசை நெசவுக்குள் இறங்காமல், நாற்காலிச் சக்கரம் ஓட ஓடப் பிரியும். புகை வந்தால் உடனே குறையுங்கள்.

புது ஹெல்பரை வெட்டிய மிச்சத் துண்டுகளில் பழக்குங்கள். இழை சாயும் திசை இரு பக்கமும் ஒன்றுதானா என்று முதலில் தடவிப் பார்க்கட்டும். வெட்டிய விளிம்புக்கு சீலர் (இழை பிரியாமல் காக்கும் பசை) பூசிய பிறகே அயர்ன். அதை ஒரே இடத்தில் நிறுத்தாமல் மெதுவாக நகர்த்தி, பின்னாலேயே அழுத்தி, ஆறும்வரை தட்டையான பாரம் வைக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான ஹெல்பர்கள் அவசரப்பட்டுப் பாரத்தை எடுப்பது இங்கேதான்.