“நாலே வாரத்தில் உங்கள் ஓட்டத்தை மாற்றுகிறோம்” என்பவர்களிடம் பணம் கட்டும் முன்

சென்னையில் காலையில் ஓடுகிறவர்களுக்கு, குறிப்பாக ஜனவரி மாரத்தானுக்குப் பெயர் கொடுத்துவிட்டு ஷூ தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு இந்தப் பதிவு. தென்சென்னையில் ஒரு ஷூ கடை. உள்ளே கண்ணாடிக் கதவு போட்டு ‘ரன்னிங் லேப்’ என்று ஓர் அறை. மெல்லிய ஷூவையும் ஓட்டப் பயிற்சியையும் சேர்த்து விற்கிறார்கள்; அதை வாங்கித்தான் என் பாத எலும்பு முறிந்தது. கடைப் பெயரை இங்கே போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் இந்த வியாபாரத்தை வேறு இடங்களிலும் செய்கிறார்கள் என்று எங்கள் ரன்னர்ஸ் குரூப்பில் பேசியபோது தெரிந்தது. அதனால் எப்படி விற்கிறார்கள் என்பதைச் சொல்கிறேன்.

முதலில் இலவசப் பாத ஸ்கேன். ஒரு தட்டின் மேல் வெறுங்காலோடு நிற்கச் சொல்வார்கள். திரையில் பாதம் வண்ண வண்ணமாக வரும். “குதிகால் எவ்ளோ சிவப்பா இருக்கு பாருங்க மேடம், முட்டி தேயுறது இதனாலதான்” என்றார் அங்கிருந்த பயிற்சியாளர். சும்மா நிற்கும்போது யாருக்குமே உடல் எடையில் பாதிக்கு மேல் குதிகாலில்தான் இறங்கும். என் பின்னால் வரிசையில் நின்ற கல்லூரிப் பையனுக்கும் அதே சிவப்பு, அவனுக்கும் அதே வசனம்.

அடுத்து டிரெட்மில்லில் ஓடவைத்து ஸ்லோ மோஷன் வீடியோ. குதிகால் முதலில் தரையைத் தொடுகிறது என்று காட்டி ஒரு பெருமூச்சு. ஷூ போட்டு நீண்ட தூரம் ஓடுகிறவர்களில் பெரும்பாலானோர் அப்படித்தான் கால் வைக்கிறார்கள், அது நோய் இல்லை. கடைசியாக வந்தது ஊர்ப்பெருமை: “நம்ம தாத்தாங்க எல்லாம் செருப்பே இல்லாம நடந்தவங்க மேடம். இந்த மெத்தை ஷூ வந்துதான் காலே கெட்டுப்போச்சு.” தாத்தா நடை பழகிய நாளிலிருந்து மண்ணில் வெறுங்காலோடு நடந்தவர். நாற்பது வயதுவரை நாற்காலியில் உட்கார்ந்த கால் நாலு வாரத்தில் அந்தக் கால் ஆகிவிடாது.

பேக்கேஜ் 18,500 ரூபாய். குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் உயர வித்தியாசமே இல்லாத, அப்பளம் போன்ற அடிப்பகுதி கொண்ட ஒரு ஜோடி ஷூ, முன்பாதத்தில் இறங்கி ஓடப் பழக்கும் நாலு வார வகுப்பு, “காயம் வராது” என்ற வாய்வார்த்தை உத்தரவாதம். முதல் நாளிலிருந்தே பழைய ஷூவைத் தொடக்கூடாது என்பது விதி. வழக்கமாக ஓடும் தூரத்தைக் குறைக்கவும் சொல்லவில்லை.

சுவரில் ஒரு பெரிய போஸ்டர். ஹார்வர்டின் டேனியல் லீபர்மேன் குழு 2010இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு. வெறுங்காலில் ஓடிப் பழகியவர்கள் பெரும்பாலும் முன்பாதத்தில் இறங்குகிறார்கள், குதிகாலில் இறங்கும்போது வரும் அந்தத் திடீர் மோதல் அவர்களிடம் குறைவு என்கிறது அது. உண்மையான ஆய்வுதான். ஆனால் அப்படி ஓடினால் காயம் குறையும் என்று அது நிரூபிக்கவில்லை. வடக்கு கென்யாவில் டாசனாச் மக்களிடம் நடந்த இன்னொரு ஆய்வு 2013இல் வந்தது. பிறந்ததிலிருந்து வெறுங்காலில் இருக்கும் அவர்களே தங்களுக்கு வசதியான வேகத்தில் ஓடும்போது பெரும்பாலும் குதிகாலில்தான் இறங்கினார்கள். இதற்கு போஸ்டர் கிடையாது.

ஓடும்போது ஒவ்வொரு காலடியிலும் உடல் எடையைப்போல் இரண்டு, மூன்று மடங்கு விசை பாதத்தில் இறங்குகிறது. ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் ஆயிரம் காலடி. முன்பாதத்தில் இறங்கினால் அந்த விசை மாயமாகிவிடாது. முட்டிக்குக் கொஞ்சம் குறையும், கெண்டைக்கால், குதிகாலின் பின்னாலிருக்கும் தசைநாண், விரல்களுக்குப் பின்னாலிருக்கும் நீளமான எலும்புகள் ஆகியவற்றுக்குக் கூடும். எலும்பு புதிய பாரத்துக்குப் பழகும்போது முதலில் பழையதை அரித்து எடுத்துவிட்டுத்தான் புதியதைக் கட்டும். நடுவில் சில வாரங்கள் அது முன்பைவிட வலுக்குறைவாக இருக்கும். நாலு வாரப் பேக்கேஜ் சரியாக அந்த நேரத்தில்தான் தூரத்தை ஏற்றுகிறது. 2013இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், பத்து வாரம் எடுத்து மெல்லிய ஷூவுக்கு மாறிய 19 பேரில் 10 பேருக்குப் பாத எலும்பில், பாரம் தாங்காததன் அடையாளமான நீர்க்கோர்ப்பு அதிகமானது எம்.ஆர்.ஐ.யில் தெரிந்தது. இவர்கள் கொடுப்பது அதில் பாதி அவகாசம்கூட இல்லை.

எனக்கு முதலில் கெண்டைக்கால் பிடிப்பு. “அடாப்டேஷன் மேடம், நல்ல அறிகுறி” என்றார் பயிற்சியாளர், அதாவது கால் பழகுகிறதாம். பிறகு பாதத்தின் மேல்பக்கம், இரண்டாவது விரலுக்கு நேராக, ஒரே புள்ளியில் வலி. அதற்கும் அடாப்டேஷன். எக்ஸ்ரே எடுத்துக் காட்டினேன், சுத்தமாக இருந்தது. “பாத்தீங்களா, எலும்புல ஒண்ணுமே இல்ல, நாளைக்கு எட்டு கிலோமீட்டர் போடலாம்” என்றார். இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் எனக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை. திரும்பத் திரும்ப விழும் பாரத்தால் எலும்பில் வரும் விரிசல், அதாவது அழுத்த முறிவு, முதல் இரண்டு, மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம். கால் பயிற்சி கற்றுக்கொடுத்துக் காசு வாங்குகிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஆர்த்தோ டாக்டர் விரலால் அந்தப் புள்ளியை அழுத்திப் பார்த்ததுமே எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்தார். இரண்டாவது விரலுக்குப் பின்னாலிருக்கும் நீளமான எலும்பில் (மெட்டாடார்சல்) முறிவு. கெட்டியான அடிப்பகுதி கொண்ட பூட், ஆறிலிருந்து எட்டு வாரம் ஓட்டம் கிடையாது. எலும்பின் வலுவோடு தொடர்புள்ளவை என்பதால் வைட்டமின் டி, மாதவிடாய் எல்லாம் விசாரித்தார். லேபில் அதையெல்லாம் யாரும் கேட்கவே இல்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோதுதான் அடுத்த கதை. கடை பில்லில் ஷூவுக்கு 7,000 மட்டும், கீழே ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’. மிச்சம் 11,500ஐப் பயிற்சியாளரின் சொந்த யு.பி.ஐ. எண்ணுக்கு அனுப்பச் சொல்லியிருந்தார்கள். “அவர் எங்க ஸ்டாஃப் இல்லீங்க, ஃப்ரீலான்ஸ்” என்கிறது கடை. “கடைகிட்ட கேளுங்க மேடம்” என்கிறார் அவர். இரண்டு பேரும் ஒரே டி-ஷர்ட்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தேன். கடையிலிருந்து பதில் இல்லாததால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். செலுத்திய தொகை ஐந்து லட்சம் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் பில் தராமலிருப்பதும் முறையற்ற வணிகம். உத்தரவாதம் எழுத்தில் இல்லை, ஆனால் “காயம் வராது, நான் கேரண்டி” என்ற அவருடைய வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் இருக்கிறது. இதேபோல மெல்லிய அடிப்பகுதியோடு, ஒவ்வொரு விரலுக்கும் தனி உறை வைத்த ஷூ விற்ற விப்ரம் நிறுவனமே, உடல்நல நன்மைகளை ஆதாரமில்லாமல் விளம்பரப்படுத்தியதாக அமெரிக்காவில் தொடரப்பட்ட வழக்கில், தவறை ஒப்புக்கொள்ளாமல் 2014இல் 37.5 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது.

மெல்லிய ஷூவில் ஆண்டுக்கணக்கில் நிம்மதியாக ஓடுகிறவர்கள் எங்கள் குரூப்பிலேயே இருக்கிறார்கள். வாரத்துக்கு ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர் என்று மாதக்கணக்கில் மாறியவர்கள். யாரும் அவர்களுக்குப் பேக்கேஜ் விற்கவில்லை. முட்டி வலிதான் பிரச்சினை என்றால் ஷூ மாற்றுவதற்கு முன் காலடியைக் கொஞ்சம் சுருக்கி, நிமிடத்துக்கு வைக்கும் காலடிகளை ஐந்திலிருந்து பத்து சதவீதம் கூட்டிப் பாருங்கள். முட்டிக்குப் போகும் பாரம் குறையும், செலவு பூஜ்யம்.

இப்போது அந்த வகுப்பில் இருப்பவர் யாராவது இதைப் படித்தால்: பாதத்தின் மேல் ஒரே புள்ளியில் அழுத்தினால் வலிக்கிறதா, ஒற்றைக் காலில் குதித்தால் சுரீர் என்கிறதா, ஓட்டத்தை இன்றே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள், எக்ஸ்ரே சரியாக இருந்தாலும். யு.பி.ஐ. ரசீதையும் வாய்ஸ் மெசேஜையும் அழித்துவிடாதீர்கள். என்னோடு சேர்ந்து புகார் கொடுக்க விரும்புகிறவர்கள் இன்பாக்ஸில் வாருங்கள்.