புல்லட்டும் அந்த ஒற்றை நட்டும்

மேலூர்ப் பக்கம் பழைய காஸ்ட் அயர்ன் புல்லட் 350 ஒன்று விலைக்கு வந்திருக்கிறது என்று நண்பர் கேட்டிருந்தார். 346 சிசி, வலது பக்க கியர், டிகம்ப்ரஷன் லீவர், ஆம்பியர் மீட்டர் எல்லாம் அவருக்கே தெரியும். மைலேஜைக்கூட விசாரிக்கவில்லை. "வச்சுக்கிட்டா நிம்மதியா இருக்குமா?" என்பது மட்டும்தான் கேள்வி. என்னிடமும் அதே மாதிரி ஒரு புல்லட் இருக்கிறது. அதன் பிரைமரி செயினை (இன்ஜினிலிருந்து கிளட்ச்சுக்குப் போகிற செயின்) மாற்றிவிட்டு, கையில் கிரீஸ் போகாமல் உட்கார்ந்திருக்கிற நேரம் பார்த்துக் கேட்டுவிட்டார். பதிலில் கொஞ்சம் சூடு இருக்கும்.

முதலில் வண்டிக்குச் சேர வேண்டிய நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். போர், அதாவது சிலிண்டரின் விட்டம், 70 மில்லி. ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்குகிற தூரம், 90 மில்லி. அந்த நீள ஸ்ட்ரோக்கின் அருமை அழகர்கோவில் சாலையில் டாப் கியரில் மெதுவாகப் போகும்போது தெரியும். முன்னால் வைக்கோல் வண்டி போனாலும் கியரைக் குறைக்கத் தோன்றாது, திராட்டிலைத் தொட்டால் போதும். வீட்டு வாசலிலேயே பார்த்துக்கொள்ளக்கூடிய வண்டியும்கூட. டேப்பட், அதாவது வால்வு இடைவெளி, சரிசெய்ய வலது பக்கம் ஒரே நட்டில் நிற்கிற மூடியைத் திறந்தால் போதும். இன்ஜின் ஆறியிருக்கும்போது வால்வைத் தள்ளுகிற கம்பியான புஷ்ராடு விரலில் தடையில்லாமல் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. அவ்வளவுதான் கணக்கு. கம்ப்யூட்டரைச் செருகிப் பார்க்கிற வேலையே இல்லை. இத்தனை வருஷமாக அதை நான் ரசித்துத்தான் செய்கிறேன்.

இப்போது அந்த நட்டு.

இந்த வண்டியில் மின்சாரம் தயாரிக்கிற ஆல்டர்னேட்டர், இடது பக்கப் பிரைமரி கவருக்குள் இன்ஜினின் சுழல்தண்டான கிராங்க்கின் முனையில் உட்கார்ந்திருக்கிறது. அதில் சுற்றுகிற காந்தப் பகுதி ரோட்டர், அதைச் சூழ்ந்து அசையாமல் நிற்கிற காயில் பகுதி ஸ்டேட்டர். பிரைமரி செயினில் லிங்க் பூட்டு கிடையாது, முழு வளையம். அதனால் செயின் மாட்டுகிற பல்சக்கரமான இன்ஜின் ஸ்புராக்கெட்டையும் கிளட்ச்சையும் ஒன்றாக வெளியே இழுத்தால்தான் செயின் வரும். ஸ்புராக்கெட் இருப்பது ரோட்டருக்குப் பின்னால். ரோட்டரைப் பிடித்திருப்பது அந்த ஒற்றை நட்டு. ஃபுட்ரெஸ்ட், பிரேக் பெடல், கவரின் நடு நட்டு, ஸ்டேட்டரின் மூன்று நட்டு எல்லாம் ஒழுங்காகக் கழன்றன. ரோட்டர் நட்டைத் துடைத்துப் பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது. ஆறு முனையில் பாதிக்கு மேல் உளி வெட்டு. மரையைச் சுற்றி, நட்டு கழலாமல் பிடிக்கிற சிவப்புப் பசை காய்ந்து கிடந்தது.

என் கைக்கு வருவதற்கு முன்னால் யாரோ ஒருவர் சாக்கெட் போட வேண்டிய இடத்தில் உளியை வைத்துச் சுத்தியலால் அடித்துக் கழற்றியிருக்கிறார். அதே மாதிரி அடித்தே இறுக்கி, மறுபடி கழலாமல் இருக்க வலுவான பசையையும் ஊற்றியிருக்கிறார். அவர் நிலைமையையும் யோசித்துப் பார்த்தேன். சின்னப் பட்டறையாக இருந்திருக்கலாம், சாக்கெட் வாங்க வசதி இல்லாமல் போயிருக்கலாம், சாயங்காலத்துக்குள் வண்டியைக் கொடுக்கச் சொல்லி யாராவது நெருக்கியிருக்கலாம். சரி, கழற்றினார், விட்டுவிடலாம். பாழாய்ப்போன நட்டையே திரும்பப் பூட்டினாரே, அதை மட்டும் மன்னிக்க முடியவில்லை. புது நட்டின் விலை இந்த வேலையில் ஒரு பொருட்டே இல்லை.

கழற்றும்போது கிராங்க் சுற்றாமல் நிற்க வேண்டும். டாப் கியரில் போட்டுப் பின் பிரேக்கை அழுத்து என்பார்கள். ஆனால் கவரை எடுக்கவே பிரேக் பெடலைக் கழற்றியாயிற்று. பிரேக் கம்பியைக் கையால் இழுத்துப் பிடித்தாலும், இந்த அளவு இறுக்கத்துக்குக் கிளட்ச் வழுக்குகிறது. எனக்குப் பிடித்த வழி நைலான் கயிறு. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியே கயிற்றை உள்ளே விட்டால் பிஸ்டன் மேலே வந்து அதில் முட்டி நிற்கும். இடது பக்கத்திலிருந்து பார்த்தால் இன்ஜின் சுற்றும் திசையும் நட்டு கழலும் திசையும் ஒன்றுதான். அதனால் பிஸ்டன் கம்ப்ரஷனில் ஏறும்போது கயிறு இருக்க வேண்டும். அப்போது இரண்டு வால்வும் மூடியிருக்கும். எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கில் விட்டால் திறந்திருக்கிற வால்வு வளைந்துவிடும். கயிற்றின் ஒரு முனை எப்போதும் வெளியே இருக்கட்டும்.

கயிறு நன்றாகத்தான் பிடித்தது. சாக்கெட்தான் வழுக்கியது. பன்னிரண்டு முனை சாக்கெட்டை இதற்கு எடுக்கவே கூடாது, ஆறு முனை வேண்டும். அதுவும் மிச்சமிருந்த முனைகளில் ஒன்றைத் தின்றுவிட்டு நின்றது. பழங்காநத்தத்தில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணனைக் கூப்பிட்டேன். பேட்டரி இம்பாக்டை (தட்டித் தட்டி நட்டைக் கழற்றுகிற மிஷின்) கையில் எடுத்தவர், நட்டைப் பார்த்ததும் கீழே வைத்துவிட்டார். "இதுக்கு மேல பலத்தக் காட்டாதீங்க தம்பி. கிராங்க் மரை போச்சுன்னா இன்ஜினையே பிரிக்கணும்."

சூடு காட்டலாம்தான். அந்தச் சிவப்புப் பசை இளக 250 டிகிரி பக்கம் போக வேண்டும். ஆனால் நட்டை ஒட்டி ரோட்டரின் காந்தம், அதற்குப் பின்னால் ஆயில் சீல். காந்தம் சூட்டில் பலம் இழக்கும், சுத்தியல் அடியிலும் இழக்கும், சீல் கெட்டுவிடும். கேஸ் விளக்கை வீசிக் காட்டுகிற இடமே இல்லை அது. அண்ணன் ஈரத் துணியால் சுற்றி மூடி, சின்னக் கிரைண்டரால் நட்டின் ஒரு பக்கத்தை மரை வரைக்கும் போகாமல் கீறினார். அந்தக் கீறலில் உளியை வைத்து ஒரே தட்டு. நட்டு வாய் பிளந்தது. கிராங்க்கின் மரை தேங்காய்ப்பூ மாதிரி வெள்ளையாக, சேதமில்லாமல் இருந்தது. அந்த நிமிஷத்துச் சந்தோஷத்தை எந்தப் புது வண்டியும் எனக்குத் தந்ததில்லை.

இங்கே கிராங்க் முனையில் டேப்பர் (கூம்பிய சரிவு) இல்லை, அதனால் நட்டு போனதும் ரோட்டர், இழுத்துக் கழற்றுகிற புல்லர் கேட்காமல் கையோடு வந்துவிட்டது. ஆனால் துணியைத் தாண்டித் தெறித்த இரும்புத்தூள் முழுக்கக் காந்தத்தில் ஒட்டிக்கொண்டது. துடைத்தால் இடம் மாறுகிறதே தவிரப் போகவில்லை. ஒட்டு டேப்பை ஒற்றி ஒற்றித்தான் எடுத்தோம். இதில் சோம்பல்பட்டால் அந்தத் தூள் ஸ்டேட்டர் காயிலைத் தேய்க்கும், ஆயிலோடு கலந்து செயினுக்கும் போகும். திரும்பப் பூட்டும்போது ரோட்டருக்கும் ஸ்டேட்டருக்கும் சுற்றிலும் 0.2 மில்லியாவது இடைவெளி வேண்டும். அந்தக் கனத்தில் பிளாஸ்டிக் துண்டை வெட்டி விட்டு, எங்கேயும் இடிக்காமல் வருகிறதா என்று ஒரு முழுச் சுற்று பார்த்தேன். புது நட்டு, புது வாஷர், இறுக்கத்தை அளந்து காட்டுகிற டார்க் ரெஞ்சு. பசை அவசியம் என்று நினைத்தால் கைக்கருவியிலேயே கழலக்கூடிய நீல ரகத்தில் ஒரு சொட்டு.

இப்போது வண்டி அருமையாக ஓடுகிறது. செயின் சத்தம் இல்லை, ஹெட்லைட் போட்டால்கூட ஆம்பியர் முள் மைனஸ் பக்கம் சாயவில்லை. விற்கிற எண்ணமும் எனக்கு இல்லை.

இருந்தாலும் நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். இன்ஜின் நல்ல இன்ஜின்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இத்தனை வயசான வண்டியை வாங்கும்போது அதைத் தொட்ட அத்தனை கைகளையும் சேர்த்துத்தான் வாங்குகிறோம். பிரைமரி கவரைத் திறந்து காட்ட விற்பவர் சம்மதித்து, அந்த நட்டின் ஆறு முனையும் முழுசாக இருந்தால் மட்டும் எனக்கு போன் போடுங்கள்.