கிளிநொச்சியிலிருந்து பிட்வார்டன்: சில வருடப் பாவனைக்குப் பிறகு

பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்க பிட்வார்டன் என்ற செயலியைத்தான் சில வருடங்களாகப் பாவிக்கிறேன். இனியும் பாவிப்பேன். ஆனால் அதை நிறுவியதோடு கவலை தீர்ந்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எங்கள் பக்கத்து வீடுகளில் பாதிச் சிக்கல் பாஸ்வேர்டில் இல்லை, ஓடிபி (குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறைக் குறியீடு) வந்து விழுகிற சிம்மில் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் என் நிலைமை. ஏ9 வீதிக்கரையில் ஒரு சின்னக் கடை: போட்டோக்கொப்பி, ரீலோட், ஒன்லைன் விண்ணப்பம். கையில் ஓர் அன்ட்ரொயிட் போன், வீட்டில் பழைய லப்டொப், மனைவியிடம் இன்னொரு போன், கடையில் வருகிறவர் போகிறவர் எல்லோரும் தொடுகிற ஒரு கொம்பியூட்டர். அக்கா கனடாவில். மின்சாரக் கட்டணம், பிள்ளைகளின் ஒன்லைன் வகுப்பு, அம்மாவின் ஈமெயில் என்று ஒரே கணக்கை இரண்டு மூன்று பேர் திறக்க வேண்டிவரும். வங்கிக் கணக்கை மட்டும் இந்தக் கூட்டில் சேர்ப்பதில்லை. அதை அவரவர் தனியாக வைத்திருப்பதுதான் ஒழுங்கு.

கடையில் இருந்தால் ஊரின் பாஸ்வேர்ட் பழக்கம் எல்லாம் தெரிந்துவிடும். "தம்பி, போன வருசம் நீங்கள்தானே ஈமெயில் திறந்து தந்தனீங்கள், என்ன பாஸ்வேர்ட் போட்டனீங்கள்?" என்று கேட்டு வருகிறவர்கள் நிறைய. அநேகமாகப் போன் நம்பராக இருக்கும், இல்லாவிட்டால் அடையாள அட்டை இலக்கம். இந்த இரண்டாவது இருக்கிறதே, அது ரகசியமே இல்லை. பழைய ஒன்பது இலக்க அட்டையில் முதல் இரண்டு இலக்கமும் பிறந்த வருடம், அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அந்த நாளோடு 500 கூட்டியிருப்பார்கள். பிறந்த தேதி தெரிந்தவனுக்குப் பாதி இலக்கம் கையில் கிடைத்த மாதிரி. மீதியை ஊகிக்கவும் தேவையில்லை, அட்டையின் பிரதி ஒவ்வொரு விண்ணப்பத்தோடும் ஒவ்வொரு கந்தோரிலும் கிடக்கிறது. நானே தினமும் கொப்பி அடித்துக் கொடுக்கிறேன்.

பிட்வார்டனுக்கு முன் கீபாஸ் வைத்திருந்தேன், பாஸ்வேர்டுகளை நம் சாதனத்திலேயே ஒரு பூட்டிய கோப்பில் வைக்கிற முறை அது. லப்டொப்பில் கீபாஸ் எக்ஸ்சி, போனில் கீபாஸ் டிஎக்ஸ், இரண்டுக்கும் நடுவே அந்தக் கோப்பைக் கொண்டுபோக சிங்திங் என்ற செயலி. எல்லாமே இலவசம், எல்லாமே திறந்த மூலநிரல், யாருடைய சேர்வரிலும் எதுவும் இல்லை. 2022 இல் 13 மணிநேரம் வரை மின்வெட்டு வந்த நாள்களில் கோப்பு போனிலேயே இருந்தது பெரிய ஆறுதல். தனி ஆளுக்கு இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். ஆனால் சிங்திங்குக்கு நடுவில் சேர்வர் கிடையாது. இரண்டு பேரும் ஒரே நேரம் சந்தைக்கு வந்தால்தான் சாமான் கைமாறும் என்பது போல, இரண்டு சாதனமும் ஒரே நேரத்தில் இணைப்பில் இருந்தால்தான் கோப்பு நகரும். பற்றரியை மிச்சம் பிடிக்க போன் அதைப் பின்னணியில் நிறுத்திவிடும். மனைவி ஒன்றை மாற்ற, அது வந்து சேருமுன் நான் இன்னொன்றை மாற்ற, கடைசியில் ஒரே பெயரில் இரண்டு கோப்பு. சேர்த்துவிடலாம், கீபாஸ் எக்ஸ்சியில் அதற்கு வழி இருக்கிறது. ஆனால் அதை ஒவ்வொரு தடவையும் செய்ய வீட்டில் நான் ஒருவன்தான். 2024 டிசம்பரோடு சிங்திங்கின் அதிகாரபூர்வ அன்ட்ரொயிட் செயலியும் நிறுத்தப்பட்டது. வேறு ஆட்கள் நடத்தும் பிரதி இருக்கிறது, ஆனாலும் வீட்டாருக்கு அதை விளங்கப்படுத்த எனக்குப் பொறுமை இல்லை.

இன்னொருவரின் சேர்வரில் வைப்பதா என்ற பயம் நியாயமானது. லாஸ்ட்பாஸ் என்ற இன்னொரு பாஸ்வேர்ட் சேவைக்கு 2022 இல் நடந்தது பலருக்கும் தெரியும்: வாடிக்கையாளர்களின் பெட்டகப் பிரதிகளே, அதாவது பாஸ்வேர்டுகள் மொத்தமாக இருக்கிற கோப்புகளே, களவு போயின, அவற்றில் தளங்களின் முகவரிகள் குறியாக்கம் செய்யப்படாமலே இருந்தன. பெட்டகம் களவு போனாலும் உள்ளே இருப்பதைக் காப்பது பெட்டகத்தைத் திறக்கிற பிரதான பாஸ்வேர்ட் ஒன்றுதான் என்று அன்றைக்கு விளங்கியது. பிட்வார்டனில் குறியாக்கம் நம் சாதனத்திலேயே நடக்கிறது, தள முகவரியும் அதற்குள் அடக்கம். பிரதான பாஸ்வேர்டை ஊகிக்க வருகிறவனைத் தாமதப்படுத்த, ஒவ்வோர் ஊகத்துக்கும் 6 இலட்சம் சுற்றுக் கணக்குப் போட வைக்கிறது. 2023 இலிருந்து புதுக் கணக்குகளுக்கு அதுதான் இயல்பு. பழைய கணக்கு என்றால் அமைப்புக்குள் போய் ஒருமுறை பாருங்கள்.

பிரதான பாஸ்வேர்டுக்கு நான் ஆறு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதுகிறேன். திருக்குறளோ பாட்டு வரியோ வேண்டாம், அதெல்லாம் ஊகிக்கக்கூடியது. அகராதியைக் கண்ட கண்ட இடத்தில் திறந்து பொறுக்கிய, ஒன்றோடொன்று ஒட்டாத சொற்கள். ழகரம் ளகரம் வராத சொல்லாகப் பார்த்துக்கொண்டால் எழுத்துக்கூட்டலில் தடுமாற்றம் இல்லை.

நன்றாக இருப்பவற்றில் முதலாவது, இலவசக் கணக்கிலேயே எத்தனை சாதனத்திலும் திறக்கலாம். டொலர் 200 ரூபாயிலிருந்து 360 க்கு ஏறிய அந்த வருடத்தில் இது சின்ன விசயம் இல்லை. இரண்டாவது, இரண்டு பேர் வரை இலவசமாகப் பகிரலாம். நானும் மனைவியும் அப்படித்தான். அவர் மின்சாரக் கட்டணக் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றினால் என் போனிலும் மாறியிருக்கும். மூன்றாவது, சிக்னல். உள்ளே துணுக்காய், மல்லாவிப் பக்கம் போனால் சில இடங்களில் டேட்டா இழுக்காது. ஒருமுறை உள்நுழைந்திருந்தால் பெட்டகத்தின் பிரதி போனிலேயே இருக்கும், இணைப்பு இல்லாமலும் பார்க்கலாம், திருத்தத்தான் முடியாது. அதற்கு நேரம் முடிந்ததும் 'பூட்டு' என்று அமைக்க வேண்டும். 'வெளியேறு' என்று விட்டால் மறுபடி உள்ளே போக இணைப்புக் கேட்கும். இந்த ஒரு தெரிவைத்தான் புதிதாக நிறுவுகிற எல்லோருக்கும் முதலில் சரிபார்த்துக் கொடுக்கிறேன்.

இன்னொன்று, போலித் தளங்கள். "உங்கள் பொதி தபாலில் நிற்கிறது, சிறு தொகை கட்டுங்கள்" என்ற குறுஞ்செய்தியை அழுத்தினால் அச்சு அசலான பக்கம் திறக்கும். கண் ஏமாறும், பிட்வார்டன் ஏமாறாது. முகவரி வேறென்றால் அது எதையும் நிரப்பாது. நிரப்பவில்லையே என்று கையால் தட்டாமல் ஒரு நிமிடம் நின்று பார்க்கச் சொல்லி வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.

அக்காவுக்கு முன்பெல்லாம் வைபரில்தான் பாஸ்வேர்ட் போகும். இப்போது பிட்வார்டன் சென்ட். ஒருமுறைக்கு மேல் திறக்க முடியாத இணைப்பு (லிங்க்) ஒன்றை உருவாக்கலாம், எழுத்து மட்டும் அனுப்புவதற்குக் காசு இல்லை. இணைப்பை வைபரில் போட்டு, அதைத் திறக்கும் சொல்லை அழைப்பெடுத்துச் சொல்கிறேன். அப்புறம், பகிர்ந்த பாஸ்வேர்டை 'மறைத்துக் காட்டு' என்ற தெரிவு உண்டு. அதை நம்பாதீர்கள். பிரௌசர் நிரப்புகிற எதையும் கொஞ்சம் விசயம் தெரிந்தவர் எடுத்துப் பார்க்கலாம். ஒருவரை விலக்கினால் பாஸ்வேர்டையும் மாற்றத்தான் வேண்டும்.

சரி, சிம். பாஸ்வேர்டை எவ்வளவு அழகாகப் பகிர்ந்தாலும் ஓடிபி ஒரே ஒரு போனுக்குத்தான் போகும். உதாரணமாக ஒரு வீட்டில் அண்ணன் வெளிநாடு போய்விட்டார், அவரின் சிம் ரீலோட் இல்லாமல் கிடக்கிறது. நீண்டகாலம் பாவிக்காத இலக்கத்தை இன்னொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு அந்த ஈமெயிலை யார் மீட்பது? விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தவரின் இலக்கத்திலேயே கணக்குத் திறந்த ஆட்களையும் பார்க்கிறேன். என் கடையில் அதை முற்றாக நிறுத்திவிட்டேன், சொந்த இலக்கம் இல்லையென்றால் பிள்ளையைக் கூட்டிவரச் சொல்கிறேன்.

இதற்குச் சரியான வழி, தளம் இடம் கொடுத்தால், 30 செக்கனுக்கு ஒருமுறை மாறும் ஆறு இலக்கக் குறியீடு. அது சிம்முக்கு வருவதில்லை. ஒரு ரகசியத் திறவையும் நேரத்தையும் வைத்துப் போனே கணிக்கிறது, சிக்னலும் தேவையில்லை. பலர் கவனிக்காதது இதுதான்: தளம் காட்டும் கியூஆர் கட்டத்தை ஒரே நேரத்தில் இரண்டு போனாலும் ஸ்கான் பண்ணலாம். இரண்டிலும் ஒரே எண் வரும். மனைவி போனிலும் என் போனிலும் அம்மாவின் ஈமெயிலுக்கு அப்படித்தான் இருக்கிறது. பிட்வார்டன் பெட்டகத்துக்குள்ளேயே இந்தக் குறியீட்டை வைக்கக் காசு கட்ட வேண்டும். கட்டினாலும் வைக்கமாட்டேன், இரண்டு திறப்பும் ஒரே கோர்வையில் எதற்கு. தனிச் செயலி போதும்.

ஒரு கண்ணி இருக்கிறது. 2025 முதல், இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு (பாஸ்வேர்டுக்குப் பிறகு இன்னொரு குறியீடும் கேட்பது) இல்லாத கணக்கைப் புதுச் சாதனத்தில் திறந்தால் பிட்வார்டன் ஈமெயிலுக்குக் குறியீடு அனுப்பும். ஈமெயிலின் பாஸ்வேர்டோ பிட்வார்டனுக்குள். போன் தொலைந்த அன்று இரண்டையும் திறக்க முடியாமல் வெளியில் நிற்பீர்கள். ஆகவே இரண்டாம் கட்டத்தைப் போட்டு, அது தரும் மீட்புக் குறியீட்டைத் தாளில் எழுதுங்கள். எங்கள் வீட்டில் காணி உறுதியும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களும் இருக்கிற பையில் அந்தத் தாளும் இருக்கிறது. வன்னியில் அப்படி ஒரு பை இல்லாத வீடு குறைவு, அதை எடுத்துக்கொண்டு வெளிக்கிடத் தெரியாதவரும் குறைவு. இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

பின்காப்பும் எடுக்கிறேன், பென் டிரைவில். ஏற்றுமதி செய்யும்போது 'பாஸ்வேர்டால் பாதுகாத்தது' என்பதைத் தெரியுங்கள். மற்ற வகைக் குறியாக்கக் கோப்பு அதே கணக்குக்குள் மட்டும்தான் திரும்பப் போகும். கணக்கே போய்விட்டால் அந்தக் கோப்பும் வீண்.

பிடிக்காதவை என்றால், போனில் தானாக நிரப்புவது சில வங்கிச் செயலிகளில் வேலை செய்யாது, அந்தச் செயலிகளே தடுக்கின்றன. கடைக் கொம்பியூட்டரில் நான் அதை நிறுவவே இல்லை, போனைப் பார்த்துத் தட்டுகிறேன், நீளமான பாஸ்வேர்ட் என்றால் சலிப்புத்தான். பிறகு, மூன்றாவது ஆள் வந்தால் இலவசப் பகிர்வு முடிந்தது. மகளுக்கும் இப்போது கணக்குத் தேவை. ஆறு பேருக்கான குடும்பத் திட்டத்தை அக்கா கனடாவிலிருந்து கட்டுவதாகச் சொல்கிறார். கட்டுகிறவர் பெயரில் எல்லாம் போய் நிற்கும் என்பதால், உரிமையாளராக என்னையும் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். அதில் ஒன்றுக்கு மேற்பட்ட உரிமையாளர் வைக்கலாம்.