நெட்லோகோவில் ஒரு கல்யாணப் பந்தி

மனிதர்கள் கூடும் இடத்தில் யார் யாரோடு சேர்கிறார்கள் என்பதைக் கணினியில் ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் நெட்லோகோ என்ற மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள். 1999இல் யூரி விலென்ஸ்கி உருவாக்கியது, காசு கிடையாது, என்னுடைய பழைய மடிக்கணினியிலேயே ஓடுகிறது.

அதோடு கூடவே வரும், ஓட்டிப் பார்க்கத் தயாரான மாதிரிகளில் ஒன்று, பொருளாதார அறிஞர் தாமஸ் ஷெல்லிங் 1971இல் எழுதிய யோசனை. திரையில் இரண்டு நிறத்தில் ஆட்கள். பக்கத்தில் இருப்பவர்களில் 30 சதவீதம் நம் நிறத்தவர்களாக இருந்தால் போதும், இல்லையென்றால் இடம் மாறுவேன் என்பதுதான் ஒவ்வொருவரின் விருப்பமும். யாருக்கும் வெறுப்பு இல்லை. ஆனால் ஓட்டிவிட்டால், கலந்து நின்ற இரண்டு நிறங்களும் திட்டுத் திட்டாகப் பிரிந்து, சுற்றி இருப்பவர்களில் 70 சதவீதத்துக்கு மேல் ஒரே நிறமாகி நிற்கிறது. முதல் தடவை பார்த்தபோது எனக்கு நெஞ்சு கனத்துப்போனது.

அப்புறம்தான் நம்ம ஊர்க் கல்யாணப் பந்தியை வைத்துப் பார்த்தேன். திருப்பரங்குன்றத்தில் மண்டபத்துப் பந்தியில் சொந்தக்காரர் பக்கத்தில் இலை கிடைக்காவிட்டால் அடுத்த பந்திக்குக் காத்திருக்கும் என் பெரியப்பா, மாட்டுத்தாவணி டீக்கடையில் முன்பின் தெரியாதவரோடு அரைமணி நேரம் மழை பற்றிப் பேசுவார். எங்கே போனாலும் ஆளுக்கு அந்த 30 போல ஒரே எண் கொடுத்தால் இது வரவே வராது. நெட்லோகோவில் நடமாடும் ஆட்களுக்கு ஆமை என்று பெயர், தரைக் கட்டங்களுக்குப் பேட்ச். ஆமைக்கு மட்டுமல்ல, பேட்சுக்கும் தனிக் குணம் எழுதலாம் என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அந்த எண்ணை ஆளிடமிருந்து எடுத்துத் தரையில் வைத்தேன்: மண்டபக் கட்டங்களில் 60 சதவீதம், டீக்கடைக் கட்டங்களில் 5 சதவீதம். மண்டபத்தில் ஒட்டிக்கொண்டு நின்ற அதே ஆமைகள் டீக்கடைப் பக்கம் வந்ததும் கலந்து நின்றன!

கட்டளைகள் எல்லாம் ஆங்கிலம், தமிழில் ஒரு நல்ல கையேடு இருந்தால் நம் கல்லூரிப் பிள்ளைகள் பிய்த்து உதறுவார்கள். இன்னொன்று, 60, 5 என்பதெல்லாம் நானே போட்டது, அது சரியா என்று மென்பொருள் சொல்லாது. அதற்கு நேரில் நின்று எண்ண வேண்டும். இரண்டு ஞாயிற்றுக்கிழமையாக ஒரு நோட்டோடு மாட்டுத்தாவணியில்தான் நிற்கிறேன்.

மடிக்கணினி இல்லாதவர்கள் நெட்லோகோ வெப் என்று தேடினால் பிரவுசரிலேயே திறக்கும்.